சுழிக்குப் பூசிய மெழுகு

எங்கள் ஊரில் அக்காவின் புருசனான என் அத்தானைச் சோக்கு மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். தலை வாருவதற்கு மட்டும் காலையில் முக்கால் மணி நேரம் எடுக்கிற ஆண்பிள்ளையை ஊர் வேறெப்படிச் சொல்லும்? கொடிகாமம் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் அவருடைய கன்ன உச்சி வகிடு நூல் பிடித்தது போல நேராக இருக்கும். உச்சிக்கு இந்தப் பக்கத்து மயிர் அந்தப் பக்கம் போயிருக்காது. கலியாணம் முடிந்த பிறகும் இந்தச் சோக்கெல்லாம் யாருக்குக் காட்ட என்று கிணற்றடியில் பெண்கள் கேட்பார்கள், என் காதில் விழும்படியாகவே. அவர் அழகுக்காகத் தலை வாரவில்லை என்பது அப்போது எங்கள் ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, என் அக்காவுக்கு, எனக்கு. மூவரில் இப்போது நான் மட்டும் மிச்சம். இனிச் சொன்னால் யாருக்கும் நோகாது.

அவருக்குக் காணி அளக்கிற வேலை. சேவையர் என்பார்கள். ஒல்லியான, நெடிய மனிதர். குரல் ஒருநாளும் உயராது. யாரோடும் வாதாடவும் மாட்டார். அவர் வாயில் ஒரேயொரு மந்திரம் இருந்தது: "படியும்." கிணற்றுத் தண்ணீர் கலங்கினால், படியும். மாமனார் முகம் கறுத்தால், படியும். புதுச் சப்பாத்துக் குதிக்காலைக் கடித்து இரத்தம் கசிந்தபோதும் படியும் என்று அதையே போட்டுக்கொண்டு வரணி வரைக்கும் நடந்தார். நாலாம் நாள் சப்பாத்துத்தான் தோற்றது. நாங்கள் முதலில் அவரைச் சாதுவான மனிதர் என்று நினைத்தோம். படியாத ஒன்றைப் படிய வைக்கும்வரை அவருக்கு நித்திரை வராது என்பதை மெல்ல மெல்லத்தான் அறிந்தோம்.

ஐயா, எங்கள் தகப்பனார், அதைக் கொஞ்சம் விரைவாகவே அறிந்துகொண்டார். கலியாணமாகி மூன்றாம் மாதம் அத்தான் எங்கள் வீட்டு வளவை அளந்தார். யாரும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை சும்மா இருந்தார், அளவுச் சங்கிலி கையில் இருந்தது, அளந்துவிட்டார். கிழக்கு வேலி ஒன்றரை அடி பக்கத்து வீட்டுக்காரரின் காணிக்குள் நிற்கிறது என்று வந்து சொன்னார். மாப்பிள்ளை பகிடி விடுகிறார் என்று நினைத்து ஐயா சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.

"தம்பி, உது என்ரை அப்பு போட்ட வேலி."

"அப்பு வேலி போட்டவர், மாமா. காணி அளக்கேல்லை."

யாழ்ப்பாணத்தில் ஒரு வேலிக் கதியால் இடம் மாறினால் மூன்று தலைமுறை வழக்கென்று கோட்டுப் படி ஏறும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மருமகன் மாமனாரின் வேலியைத் தானே நின்று பிடுங்கி, ஒன்றரை அடி உள்ளே நட்டு, ஓலைக் கிடுகும் கட்டி முடித்தார். ஐயா பதினைந்து நாள் அவரோடு கதைக்கவில்லை. அதற்காக அவர் ஒரு கவளம் குறைத்துச் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சந்தோஷத்தில் ஒரு கதலி வாழைக் குலை அனுப்பினார். உங்கள் தெற்கு வேலியிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதையும் ஒருநாள் அளக்க வேண்டும் என்று சொல்லி அத்தான் குலையைத் திருப்பி அனுப்பினார். அதோடு அந்த மனிதரும் எங்களோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்.

இப்படி அரை அடிக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதர்தான் தலையில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தார்.

தலை உச்சியில் மயிர் வட்டமாகச் சுழன்று கிளம்புகிற இடத்தைச் சுழி என்கிறோம். எல்லோருக்கும் ஒன்று இருக்கும். சிலருக்கு இரண்டு. ஆண்பிள்ளைக்கு இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு பெண்சாதி என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இரண்டாவது வரவேண்டுமென்றால் முதலாவது போகவேண்டும், அதுவும் சுடுகாடேறித்தான் போகவேண்டும் என்பதை நினைத்தால் பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சிரிப்பு வராது. குடுமி வைத்த காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. இழுத்து முடிந்துவிட்டால் எத்தனை சுழி இருந்தாலும் உள்ளே அடக்கம். குறொப்பு வெட்டிக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் ஆண்பிள்ளைகளின் சுழி வெளிச்சத்துக்கு வந்தது. அத்தான் உத்தியோகத்துக்காகக் குடுமியை வெட்டியவர். வெட்டிய அடுத்த இரண்டு வருடத்தில் அவருக்குப் பேசிய கலியாணம் இரண்டு குழம்பியது. மூன்றாவதாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

எங்கள் வீட்டில் பெரியம்மா இருந்தார், அம்மாவின் தமக்கை. இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து ஆளுருவம் மட்டும்தான் தெரியும். ஆனால் அவருக்குத் தெரியாமல் ஒரு பூனைகூட வீட்டுக்குள் நுழைய முடியாது. முதல் இரண்டு கலியாணமும் ஏன் குழம்பின என்று அவருடைய காதுக்கு அரைகுறையாக எட்டியிருந்தது. மாப்பிள்ளை வருகிற அன்று என்னைக் குசினி அடுப்படி மூலைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுக்கும் சாட்டில் பின்னால் போய் நின்று உச்சியை வடிவாகப் பார்த்து வந்து சொல்லவேண்டும் என்றார். எனக்குப் பதினைந்து வயது. என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

சித்திரை வெயில். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, தம் தமையனுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். அவர் தலையிலிருந்து ரோசாப்பூ வாசம் வீசியது. தண்ணீர் மூக்குப்பேணியை நீட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். தலைமயிர் முழுவதும் பாய் விரித்தது போலப் படிந்திருந்தது. ஒரு சுழி. நல்லது என்று திரும்பப் போனேன். அப்போது அந்தச் சுழிக்கு மூன்று விரல் தள்ளி ஒரு சிறு கற்றை அசைந்தது. வெயிலுக்குப் பூச்சு இளகிவிட்டது. ஒரு மயிர் எழும்ப, அதைப் பார்த்து இன்னொன்று எழும்ப, நான் பார்த்துக்கொண்டிருக்கவே இரண்டாவது சுழி வட்டமாக எழுந்து நின்றது.

அவருக்கு அது தெரிந்தது. தன் தலையில் ஒரு மயிர் அசைந்தால் தெரியும் அவருக்கு. திரும்பி என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் நான் நேரே போய் உண்மையைச் சொல்லியிருப்பேன், என் குணம் அப்படி. அவர் வலக்கையை எடுத்து, முளை அடிக்கிறவர் கடைசியாக ஒருதரம் அழுத்துவது போல அந்த இடத்தை அழுத்தினார். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். கையை எடுத்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். இப்போது எண்ணிப் பார் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

நான் உள்ளே போய்ப் பெரியம்மாவிடம், "ஒண்டு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலதரம் யோசித்திருக்கிறேன். யன்னல் இடுக்கால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்ததும் ஒரு காரணம். அக்காவுக்குக் கலியாணம் முடியாமல் என்னை மேலே படிக்க அனுப்பமாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். ஆனால் அந்தக் கை அழுத்திய விதம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் என்று இப்போது தோன்றுகிறது. இவ்வளவு பிடிவாதமாக ஒரு பெண்சாதி போதும் என்கிற மனிதனுக்கு அக்காவைக் கொடுக்கலாம் என்று அந்த வயதிலேயே எனக்குப் பட்டிருக்கிறது.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு வந்தார். அதற்குப் பிறகு அவருடைய யுத்தத்தை நான் கிட்ட நின்று பார்த்தேன். காணி அளவு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் தலைக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். என்ன பூசியது, எத்தனை மணிக்குப் பூசியது, எத்தனை மணிக்குச் சுழி எழும்பியது. "தேங்காயெண்ணெய். காலை ஆறரை. எழுந்தது எட்டேகால்." அவ்வளவுதான் எழுதியிருக்கும். ஆமணக்கெண்ணெய் பத்து மணி வரைக்கும் பிடித்தது, ஆனால் கழுத்தால் வடிந்து சேட்டுக் கொலரைத் தின்றது. வாசிலின் பூசிக்கொண்டு வலிகாமத்தில் ஒரு கிழமை வேலை செய்துவிட்டு வந்தார். செம்மண் முழுவதும் தலையில் ஒட்டியிருந்தது. வாசலில் கண்ட அம்மா, மருமகனுக்கு மண்டை உடைந்துவிட்டதென்று தண்ணீரோடு ஓடினார். வெண்டிக்காய்ச் சாறு காய்ந்து வெள்ளையாக உதிர்ந்தது. இந்தக் காலத்து இளந்தாரிக்கு இவ்வளவு பக்தியா, உச்சந்தலையிலும் திருநீறு பூசியிருக்கிறாரே என்று கோயிலில் ஒரு கிழவர் மெச்சினார்.

ரோசா வாசக்காரப் போத்தலைக் கைவிட்டது குளவியால். பனங்காணி ஒன்றில் அளவுக் கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது வாசத்துக்குக் குளவி வந்து சுற்றியது. கண்ணை எடுத்தால் அளவு பிழைக்கும் என்று எடுக்கவில்லை. பிடரியில் இரண்டு கொட்டு. அளவை எழுதி முடித்த பிறகுதான் தட்டிவிட்டாராம்.

பிறகு கொழும்பிலிருந்து வருகிற தகரப்பேணிப் பூச்சுகளைப் பார்க்க யாழ்ப்பாணம் பெரியகடைக்குப் போனார். நானும் அக்காவும் துணி எடுக்கப் போன நாள் அது. கடைக்காரர் ஒவ்வொரு பேணியாகத் திறந்து, இதைப் பூசினால் தலை கண்ணாடி போல மினுங்கும், இதைப் பூசினால் இன்னும் மினுங்கும் என்று சொல்லிக்கொண்டு போனார். அத்தான் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு எடுத்து, இரண்டு விரலுக்கும் இடையில் வைத்து ஒட்டிப் பிரித்துப் பார்த்தார்.

"மினுங்கிறது எனக்கு வேண்டாம். பிடிக்கிறது வேணும்."

"ஆம்பிளையள் மினுக்கத்துக்குத்தானே ஐயா வாங்கிறவை?"

"நான் சோழகத்துக்கு வாங்கிறன்."

வைகாசியில் தொடங்கினால் மூன்று நாலு மாதம் ஓயாமல் அடிக்கிற காற்றுக்கு ஒருவர் தலைப்பூச்சு வாங்குவதை அந்தக் கடைக்காரர் அதற்கு முன் கேட்டிருக்கமாட்டார். கல்லுப்போல இருந்த பேணி ஒன்றைக் கொடுத்தார். அதுவும் மார்கழியில் கல், சித்திரையில் தண்ணீர். கடைசியில் அவர் தாமே காய்ச்சத் தொடங்கினார். வன்னித் தேன் விற்க வருகிறவனிடம் மெழுகு வாங்கி, தேங்காயெண்ணெயோடு உருக்கி, கொஞ்சம் ஆமணக்கெண்ணெயும் விட்டார். முதல் காய்ச்சலில் மெழுகைச் சரியாகக் கழுவவில்லை, தேன் மிச்சம் நின்றுவிட்டது. மத்தியானம் சாய்ந்து எழும்பியபோது தலையணையிலிருந்து சுவர் வரைக்கும் எறும்பு வரிசை. அக்கா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். அவர் எறும்போடேயே போய்க் கொப்பியை எடுத்து, "தேன் ஆகாது" என்று எழுதிவிட்டுத்தான் முழுகப் போனார். அடுத்த காய்ச்சலுக்கு மெழுகை மூன்றுதரம் வெந்நீரில் அலசி வேட்டித் துண்டில் வடித்தார். சோழகத்துக்கு மெழுகு கூடுதல், மாரிக்கு எண்ணெய் கூடுதல் என்று அளவும் கண்டுபிடித்தார். ஆடிக் காற்றில் நாள் முழுக்க நின்றுவிட்டு ஒருநாள் பொழுதுபடத் திரும்பினார். தலை காலையில் போனபடியே இருந்தது. கொப்பியில் "படிந்தது" என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார்.

ஆனால் ஒரு மனிதருக்குத் தன் உச்சி தெரியாது. சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கைக்கண்ணாடி ஒன்றைத் தலைக்குப் பின்னால் பிடித்தால் ஓரளவு தெரியும். அப்படிப் பிடித்தால் மெழுகு பூச ஒரு கைதான் மிஞ்சும். ஆகவே அக்கா பின்னால் நின்று பூசிவிடுவாள். கலியாணமாகி ஒரு கிழமைக்குள்ளேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் பயப்படவில்லை. அந்த இரண்டாவது சுழிக்கு "மற்றவ" என்று பேர் வைத்தாள். "இஞ்சருங்கோ, மற்றவ எழும்பிறா," என்று அறைக்குள்ளிருந்து கேட்கும். "அமத்தும்," என்பார் அவர். பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வரும்.

மூன்றாம் வருடம் ஆவணியில், யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிக்கு என்னை எடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அந்தக் கிழமையே அக்காவுக்குக் காய்ச்சல். சாவகச்சேரியிலிருந்து வந்த டாக்குத்தர் தைபோயிட் என்றார், எங்கள் பேச்சில் நெருப்புக்காய்ச்சல். அந்த நாளில் அதற்கு மருந்தில்லை. பார்லித் தண்ணீர், ஈரத் துணி, மூன்று கிழமை பொறுமை. அத்தான் லீவு போட்டுவிட்டுக் கட்டிலோடு இருந்தார். துணி அவிப்பதும் தலைக்கு ஈரத்துணி போடுவதும் அவர்தான்.

ஆனால் ஒவ்வொரு காலையும் கைக்கண்ணாடியைச் சுவரோடு முட்டுக்கொடுத்து வைத்து, தன் கையாலேயே மெழுகு பூசி உச்சி பிரித்தார். வருத்தம் பார்க்க வந்த சனம் இதைக் கண்டது. பெண்சாதி சாகக் கிடக்கிறாள், மாப்பிள்ளைக்கு உச்சி கேட்கிறது என்று ஒருவர் வாசல் படலையைத் தாண்ட முதலே சொல்லிக்கொண்டு போனார். எனக்கே கோபம் வந்தது. ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, இதென்ன வேலை அத்தான் என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"தங்கச்சி, இப்ப நாளைக்குப் பத்துப் பேர் வந்து போகினம். ஒராள் ரெண்டாம் சுழியைக் கண்டாலும் வாய்விட்டுச் சொல்லும். அவவின்ரை காதிலை அது விழக்கூடாது."

அன்றிலிருந்து நான்தான் கைக்கண்ணாடியைப் பிடித்தேன்.

பதினாலாம் நாள் அக்காவுக்குப் புலம்பல் தொடங்கியது. அம்மா துணி பிழிந்துகொண்டு நின்றார். பெரியம்மா கால்மாட்டில் இருந்தார். அத்தான் குனிந்து நெற்றித் துணியை மாற்றும்போது அக்கா இரண்டு கையாலும் அவர் தலையைப் பற்றிப் பிடித்தாள். எதையோ பிடுங்குகிறவள் போலப் பிடித்து இழுத்தாள். நாங்கள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டபோது மெழுகு கட்டி கட்டியாக உடைந்திருந்தது. மூன்று வருடம் அவள் அமத்தி வைத்ததை அவளே எழுப்பிவிட்டாள்.

"ரெண்டு சுழி," என்றார் அம்மா. சத்தம் போடவில்லை.

பெரியம்மா முகத்தை நான் நின்ற பக்கம் திருப்பினார். "நீ அண்டைக்கு ஒண்டெண்டெல்லோ சொன்னனி?"

அத்தான் சொன்னார், "நான் காட்டினதைத்தான் மாமி அவ சொன்னவ. பிழை என்ரை."

அடுத்த நாள் அக்காவுக்கு நினைவு தெளிந்தது. தெளிந்த நினைவோடு பார்லித் தண்ணீருக்கு வாயை மூடிக்கொண்டாள். சுகமாயிருந்தபோது சிரித்த அதே விஷயம், படுக்கையில் கிடக்கும்போது அம்மாவின் வாயால் கேட்டதும் அவளுக்கு வேறாகிவிட்டது. அத்தான் கரண்டியோடு எவ்வளவு நேரமோ இருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மற்றவ வரட்டும்," என்றாள். "நான் வழியை விடுறன்."

எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் பெண்சாதி செத்தால் அவளுடைய தங்கையைத்தான் கட்டி வைப்பார்கள். ஐயாவுக்கும் அது விளங்கியிருந்தது. அன்று பின்னேரம் என் கடிதத்தைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "உது இப்ப வேண்டாம் பிள்ளை. வீட்டுக்கு ஒராள் வேணும்," என்றார். அவர் என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. எனக்கு அத்தானைப் பிடிக்கும். அவரைக் கட்ட எனக்கு விருப்பமில்லை. அக்கா சாகக்கூடாது என்று நான் அழுத அழுகையில் பாதி அக்காவுக்கு, பாதி எனக்கு. இதை இப்போது மறைத்து என்ன?

அடுத்த நாளும் அவள் குடிக்கவில்லை. அவளுடைய மயிர் ஏற்கெனவே கொத்துக் கொத்தாகக் கழன்று சடை பிடித்திருந்தது. மழித்துவிட்டால் சூடு இறங்கும் என்று டாக்குத்தர் முதலே சொல்லியிருந்தார். யாருக்கும் மனம் வரவில்லை. அன்று காலை அத்தான் தம்முடைய சவரக் கத்தியையும் சவுக்காரக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். அவர் தலையில் மெழுகு இல்லை. இரண்டு சுழியும் இரண்டு பக்கம் கிளம்பி நின்றன.

சுமங்கலியின் தலையில் கத்தி வைப்பதா என்று பெரியம்மா தடுத்தார். காய்ச்சலுக்குத்தான் வைக்கிறேன் என்று அவர் தொடங்கிவிட்டார். அம்மா அதைப் பார்க்க மாட்டாமல் கிணற்றடிக்குப் போனார். ஐயா வாசலுக்கு வெளியே முதுகு காட்டி நின்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். மழித்து முடித்து ஈரத்துணியால் துடைத்த பிறகு, அவர் அந்த உச்சியை வெகுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, இஞ்சை வாரும். இந்த வீட்டிலை சுழி பாக்கிற ஆள் நீர்தானே. அக்காவின்ரை உச்சியை வடிவாய்ப் பாத்து, பெரிய மாமிக்குக் கேக்கச் சொல்லும்."

நான் குனிந்து பார்த்தேன். வெயில் படாத வெள்ளைத் தோல். அதில் மழித்த மயிரின் அடி நீலமாகத் தெரிந்தது. நடு உச்சியில், ஒழுங்காக, ஒரேயொரு சுழி.

நிமிர்ந்தேன். அவர் கத்தியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை அடிக்காக மாமனாரின் வேலியைப் பிடுங்கிய மனிதர். அன்று கதிரையிலிருந்து திரும்பிப் பார்த்த அதே பார்வை. இப்போதும் கெஞ்சவில்லை.

"ரெண்டு," என்றேன்.

"வடிவாய்ப் பார்," என்றார் பெரியம்மா.

"வடிவாய்த்தான் பாத்தனான் பெரியம்மா. ரெண்டு."

எதற்கும் ஒரு சாத்திரம் வைத்திருக்கிறவர் பெரியம்மா. பெண்ணுக்கு இரட்டைச் சுழி என்றால் என்ன பலன் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. கூந்தலுக்குள் இருப்பதை யார் எண்ணினார்கள்? அந்த இடைவெளிக்குள் அத்தான் தம் கணக்கை வைத்தார். எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் அவர் ஒரேயடியாக அவ்வளவு கதைத்தது அன்றுதான்.

"ஆம்பிளைக்கு ரெண்டு சுழி எண்டால் ரெண்டு பெண்சாதி. அப்ப பொம்பிளைக்கு ரெண்டெண்டால் ரெண்டு புருசன்தானே மாமி? எனக்கு மற்றவ வாறதெண்டால் இவ போகவேணும். இவவுக்கு மற்றவர் வாறதெண்டால் நான் போகவேணும். ஒரு காணிக்கு ரெண்டு பேர் உறுதிப் பத்திரம் கொண்டுவந்தால் ரெண்டு உறுதியும் செல்லாது. காணி இருந்தபடி இருக்கும்."

வாசலுக்கு வெளியே ஐயா தொண்டையைச் செருமினார். காணி வழக்குகளில் ஊறியவர். "ஓம், அது சரிதான்," என்றார். வேலி இடம் மாறிய நாளிலிருந்து அவர் மருமகனோடு ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அக்கா கண்ணைத் திறந்தாள். "உண்மையேடி?"

"ஓம் அக்கா." அவள் கையை எடுத்து அவள் உச்சியில் வைத்தேன். "இதிலை ஒண்டு. இதிலை ஒண்டு."

அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்ப என்ரை மற்றவர் ஆர்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டின் ஒரு மூலையால் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மூட முதல் அத்தான் கரண்டியை உள்ளே வைத்துவிட்டார்.

காய்ச்சல் அந்தப் பொய்யால் விட்டது என்று சொல்லமாட்டேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் படிப்பித்தவள் நான். ஆனால் அவள் வாய் திறந்தது அந்தப் பொய்யால்தான். இருபத்திரண்டாம் நாள் உடம்பு குளிர்ந்தது. அம்மா அதற்குப் பிறகு அந்த மொட்டைத் தலைக்கு எத்தனைதரம் எண்ணெய் தடவியிருப்பார். அவருடைய கண் நல்ல கண். ஒருநாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவும் அத்தானும் முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்து, நரைத்து, சண்டை பிடித்துத்தான் போனார்கள். இருவருக்கும் மற்றவர் யாரும் வரவில்லை.

அத்தான் மெழுகை விட்டுவிட்டார். மிச்சமிருந்த கட்டியை அக்காவிடம் தையல் நூல் இழுக்கக் கொடுத்தார். அடுத்த தை மாதம் ஐயா கடிதத்தைத் திருப்பித் தந்தார். என்னை ரயிலேற்ற அத்தான்தான் கொடிகாமம் ஸ்டேசனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படலையில் நின்ற ஐயா அவருடைய தலையைப் பார்த்துவிட்டு, "தம்பி, நாலு பேர் பாக்கிற இடத்துக்குப் போறீர், தலையை ஒருக்கா வாரிக்கொண்டு போம்," என்றார்.

"வாரித்தான் இருக்கு, மாமா."

ரயில் வந்ததும் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டுக் கீழே யன்னலோரம் வந்து நின்றார். காற்றுக்கு இரண்டு சுழியும் ஆடின. கோட்டின் உள்பையிலிருந்து கைலேஞ்சித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். அவிழ்த்துப் பார்த்தேன். கைக்கண்ணாடி.

"எனக்கேன் அத்தான்? போடிங் விடுதியிலை கண்ணாடி இருக்குமே."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அக்காவுக்கு மயிர் இன்னும் வடிவாய் வளரேல்லை. தன்ரை உச்சியைத் தான் பாக்கிறதெண்டால் ரெண்டு கண்ணாடி வேணும். வீட்டிலை ஒண்டு போதும்."